பில் வராத காலையும் கேன்டீன் கேட்டும்

இன்று காலை சோழவரத்தில் என் கடை வாசலில் கம்பி ஏற்றிய லாரி தயார். பில் மட்டும் வரவில்லை. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஒரு மணிக்கு ஸ்டோரை மூடிவிடுவார்கள். அதற்குள் இறக்காவிட்டால் ஆர்டர் அடுத்த கடைக்குப் போய்விடும்.

பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிய பார்கவி ஓடிவந்து பார்த்தாள்.

"அண்ணா, நான் யூஸ் பண்ண லைப்ரரில, அதான் வேற கம்பெனிக்காரங்க எழுதிக் குடுத்த கோடுல, ஒரு ஃபங்ஷன். அவங்க உள்வேலைக்குன்னு வச்சிருந்தது. ஷார்ட்கட்டா இருக்கேன்னு எடுத்துக்கினேன். நேத்து அப்டேட்ல சொல்லாம கொள்ளாம தூக்கிட்டாங்க."

"உன்கிட்ட ஏம்மா சொல்லணும்? ஓட்டலுக்குப் போனா மெனுவுல இருக்கறதைக் கேளு. கிச்சன்ல பூந்து குண்டான்ல கைய வுட்டா, நாளைக்கும் குண்டான் அங்கயே இருக்குமா இன்னா?"

தலையாட்டிவிட்டு, வெளியாட்களுக்கென்று கொடுத்திருந்த ஃபங்ஷனை வைத்தே மாற்றி எழுதினாள். பில் வந்தது, லாரி கிளம்பியது. எனக்கு ஒரே பெருமை.

டீ வரவழைத்துக் குடித்துக்கொண்டிருந்தபோது டிரைவர் ஏழுமலை போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"நைனா, பேஜாரா பூடுச்சு! கம்பெனில நாம எப்பவும் பூர்ற பின்கேட்டை செவுரு வச்சி அடச்சிட்டாங்க. முன்கேட்டுல லாரி வரிசை ரோடு வரைக்கும் நிக்குது."

"நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம எப்படிடா அடைப்பாங்க?" என்று கத்தினேன்.

பார்கவி டம்ளரைக் கீழே வைத்தாள். "அண்ணா, அந்த கேட்டு யாருக்குன்னு வச்சிருந்தாங்க?"

கம்பெனியின் கேன்டீன் வண்டிக்கு.

மணி இப்போது பன்னிரண்டரை. முன்கேட்டு வரிசையில் முன்னால் நிற்கும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், ஏழுமலையைக் கொஞ்சம் நடுவில் விடுங்கள்.

பார்கவிக்குத் தெரிய வேண்டாம்.