வலைக்காரரின் சுத்தம்

மலையை வெட்டிச் சாலை போட்டவர்கள், வெட்டுப்பட்ட மலை சும்மா இருக்குமா என்று யோசிக்கவில்லை. மழை பெய்தால் மண் கரைந்தது, கல் உருண்டது. கீழே வரிசையாகக் கடைகள். அதனால் உச்சியில் இரும்பு முளை அடித்து, கம்பி வலையைத் திரைச்சீலை மாதிரி தொங்கவிட்டார்கள். கழன்ற கல் சாலைக்குப் பாயாமல், வலைக்கும் மலைக்கும் நடுவே வழுக்கி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த வலையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். ஊரே அவரை வலைக்காரர் என்றது. இன்றைக்கு எத்தனை மீன் என்று கேட்காத வாய் இல்லை.

மனிதருக்குச் சுத்தப் பைத்தியம். கழுவிய தட்டை இன்னொரு தரம் கழுவாமல் சாப்பிட மாட்டார். படுக்கையில் ஒரு சுருக்கம் இருந்தால் தூக்கம் வராது. வலைக்குப் பின்னால் கல் கிடந்தால் கண்ணில் தூசி விழுந்த மாதிரி தவிப்பார். உடனே அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டு, அந்த இடத்தைப் பெருக்கியும் விடுவார். பிறகு அலுவலகப் பதிவேட்டில் முத்து முத்தான கையெழுத்தில் "சுத்தம்" என்று எழுதுவார். ஆறு வருடம், வாரம் தவறாமல், சுத்தம்.

அந்த ஒரு வார்த்தைதான் அவருக்கு ஆப்பு வைத்தது. பதிவேட்டைப் புரட்டிய புது இன்ஜினியர் நேரில் வந்து நின்றார்.

"ஆறு வருஷத்துல ஒரு கல்லுகூட விழல. இங்க எதுக்கு வலை? கழட்டி அடுத்த மலைக்குக் கொண்டுபோயிடலாம்."

வலைக்காரர் ஓடிப்போய் வலைக்கு முன்னால் நின்றுகொண்டார். வலைக்கு நேர் கீழே மூன்றாவது கடை அவர் மனைவியின் தையல் கடை.

"விழுந்துச்சு சார். நிறைய விழுந்துச்சு."

"எங்க?"

"எடுத்துட்டேன் சார்."

"எழுதலையே?"

"எடுத்தப்புறம்தானே எழுதுவேன்? அப்ப சுத்தமாத்தானே சார் இருக்கும்?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் துடைப்பத்தால் கெட்டார்.

தையல் மிஷினை விட்டு எழுந்து வந்தாள் மனைவி. "கல்லுதானே வேணும்? எங்க வீட்டுக்கு வாங்க சார்."

வீடு இரண்டு தெரு தள்ளி. வாசற்படி கல். கதவுக்கு முட்டு கல். கொல்லைச் சுவர், செடிப் பாத்தியின் வரம்பு, தண்ணீர்த் தொட்டியின் கால், எங்கே பார்த்தாலும் கல்.

"இதெல்லாம் என்னிக்கு விழுந்ததுன்னு எப்படித் தெரியும்?" என்றார் இன்ஜினியர்.

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு சண்டை போட்டிருக்கேன். எனக்கா தெரியாது?" அவள் விரலை நீட்டினாள். "இந்தப் படி, பெரியவளுக்குப் பரீட்சை முடிஞ்ச மறுநாள். நாலு நாள் இவரோட பேசல. இது என் தம்பி வந்திருந்தப்ப. அவன் எதிர்லயே கத்தினேன்."

இன்ஜினியர் எழுத எழுதப் பக்கம் தீர்ந்தது. வாங்கிய திட்டெல்லாம் இப்படிச் சாட்சிக்கு வரும் என்று வலைக்காரர் கண்டாரா!

கடைசியில் துவைக்கிற கல். கடப்பாரை போட்டு நெம்பினால்தான் நகரும்.

"இது நான் கடை திறந்த அன்னிக்கு. பாட்டுப் போட்டு ஒரே சத்தம். நல்ல நாளும் அதுவுமா கல்லைக் கொண்டாந்து போடுறீங்களேன்னு..."

அவள் நிறுத்தினாள். கணவரைப் பார்த்தாள். "இது எந்த இடத்துல கிடந்துச்சு?"

"மூணாவது கடைக்கு நேரா."

நான்கு வருடமாக அதன்மேல்தான் வீட்டுத் துணியெல்லாம் அடித்துத் துவைத்திருக்கிறாள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா கடைய மூடிடுவே. எவ்வளவு ஆசையாத் திறந்தே."

வலை இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு இன்ஜினியர் மெதுவாக நழுவினார்.

அவர் தலை மறையும்வரை அவள் பொறுத்தாள். பிறகு ஆரம்பித்தாள் பாருங்கள், ஆறு வருடத்துச் சண்டையெல்லாம் அதற்கு முன்னால் தூசு. நடுவில் அழுதாள். அழுதுகொண்டே திட்டினாள். வலைக்காரர் அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்து, ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். திட்டுவதற்கு அவள் இருந்தாள், அது போதும் அவருக்கு.