டேட்டாபேஸ் பரீட்சைக்கு வந்த தணிகை முருகன்

தணிகை முருகனை நம்புகிற உங்களுக்கு என் கதையைச் சொல்கிறேன். இதில் அற்புதம் உண்டு. ஆனால் படித்து முடித்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்வீர்களா, என்னைத் திட்டுவீர்களா என்று எனக்குத் தெரியவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஓர் ஆனி மாதம். திருத்தணியில் ஒரு நெசவாளர் சங்கத்தில் நான் கிளார்க். வயது நாற்பத்தாறு. தலையில் இருந்த முடிக்கு மொட்டை நேர்ந்துகொண்டால் சாமியை ஏமாற்றியது போலத்தான் ஆகும். என் மனைவி கோமளா இருதயம் வீங்கிப் படுக்கையில் இருந்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. காலையில் அவளைத் தூக்கி உட்கார வைப்பது முதல் மாத்திரை கொடுப்பது வரை எல்லாம் நான்தான்.

அப்போதுதான் சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்றார்கள். செயலாளர் என்னைக் கூப்பிட்டார்.

"மெட்ராஸ் யுனிவர்சிட்டி ஒண்ணுல டேட்டாபேஸ்னு பாடம் சொல்லித் தராங்களாம். பாஸ் பண்ணிட்டு வந்தா மிஷினாண்ட உக்காரு. இல்லன்னா சேலம் கிடங்குக்குப் போயிடு. இங்க உனக்கு வேல இல்ல."

சேலம் போனால் கோமளாவை யார் பார்ப்பது? வேலையை விட்டால் மருந்துக்கு எங்கே போவது? மலையேறிச் சந்நிதியில் நின்று அழுதேன். "முருகா, என்னை இந்த ஊரை விட்டு அனுப்பாதே" என்றேன். அவ்வளவுதான் கேட்டேன்.

பகலில் கோமளாவைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, மெட்ராசுக்கு ரயிலில் போய் வந்தேன். முதல் நாள் வகுப்புக்குள் நான் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். வாத்தியார் என்று நினைத்துவிட்டார்கள். நான் கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்ததும் அவர்களும் உட்கார்ந்தார்கள். அந்தப் பாடத்தில் எனக்குக் கிடைத்த மரியாதை அதோடு சரி.

பாடம் எடுத்தவர் என் வயதில் பாதிகூட இல்லாத ஒரு மேடம். "மிஷின் நீங்க கேட்டதை மட்டும்தான் தரும். மனசுல நினைச்சதைத் தராது" என்று முதல் வகுப்பிலேயே சொன்னார். பிறகு, ஒவ்வொரு ஆளுக்கும் இன்னொருவருக்கு வராத அடையாளம் ஒன்று வேண்டும் என்றார். நான் நெசவாளர்களை எடுத்துக்கொண்டேன். பேர், அப்பா பேர், ஊர். சங்கத்தில் ஆளை அப்படித்தான் கண்டுபிடிப்போம்.

"ஆளுக்கு ஒரு நம்பர் குடுங்க சார், அதுதான் பத்திரம்" என்றார் மேடம்.

"ஜெயில்லதான் மேடம் நம்பர் குடுப்பாங்க. எங்க ஆளுங்க கோவிச்சுக்குவாங்க."

வகுப்பு சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்துப்போயிற்று. நம்பரை விட்டுவிட்டேன்.

செய்முறைப் பரீட்சையில் அம்மையார்குப்பத்துத் தறிக்காரர்களை ஏற்றினேன். இறந்துபோன ஒருவரை நீக்கிக் காட்டச் சொன்னார்கள். சுப்பிரமணி மகன் முனுசாமி என்ற பெரியவரை நீக்கினேன். 'நீக்கப்பட்டவை: இரண்டு' என்றது திரை. எங்கள் பக்கத்தில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரைத்தான் வைப்பார்கள். பெரியவரின் அப்பாவும் சுப்பிரமணி, மகனும் சுப்பிரமணி. அதனால் பேரனும் சுப்பிரமணி மகன் முனுசாமிதான். அதே ஊர், அதே வீடு.

"செத்தவரோட சேத்து உயிரோட இருக்கறவரையும் அனுப்பிட்டீங்களே சார்" என்றார் மேடம். வகுப்பு மறுபடியும் சிரித்தது. இந்த முறை என்னால் சிரிக்க முடியவில்லை. மிச்சம் இருந்தது மறுநாள் வாய்மொழித் தேர்வு மட்டும். அதிலும் போனால் சேலம்தான்.

வீட்டுக்கு வந்தேன். கோமளா என் அத்தை மகள். கல்யாணத்துக்கு அப்புறமும் என்னைப் பாவா என்றுதான் கூப்பிடுவாள்.

"இன்னா பாவா, மூஞ்சி இப்டி கீது?"

"முனுசாமிய கொன்னுட்டேன்."

"எந்த முனுசாமிய?"

"ரெண்டு பேரயும்."

விஷயத்தைச் சொன்னதும் இருமல் வரும்வரை சிரித்தாள். "நாளைக்குப் போறச்சே சாமியயும் கூட இட்டுகினு போ" என்றாள்.

"சாமிக்கு இங்கிலீஷ் வராது."

"உனக்கு மட்டும் வருதா?"

மறுநாள் வெளியூரிலிருந்து வந்த பரீட்சை அதிகாரி முகத்தை நிமிர்த்தாமலே கேட்டார். "ஒன்றுக்குப் பல என்கிற உறவுக்கு ஓர் உதாரணம் சொல்லுங்க." மனப்பாடம் செய்தது எதுவும் வரவில்லை. கண்ணை மூடி, முருகா என்றேன். வந்தான். ஒரு பக்கம் வள்ளி, ஒரு பக்கம் தெய்வானை.

"எங்க ஊர் சாமி சார். ஒருத்தருக்கு ரெண்டு சம்சாரம்."

அவர் நிமிர்ந்தார். "ரெண்டு பேருக்கும் புருஷன் பேரு ஒண்ணுதானே? எப்படிப் பிரிப்பீங்க?"

"நம்பர் குடுத்துடுவேன் சார்."

"சாமி கோவிச்சுக்காதா?"

"கோவிச்சுக்கட்டும் சார். ஆள் பொழைக்கும்."

பக்கத்தில் இருந்த மேடம் குனிந்து சிரித்தார். நான் பாஸானேன். சேலம் மாற்றலும் ரத்தானது. முருகனே வந்து பதில் எடுத்துக் கொடுத்த பரீட்சை அது. இதை யாரிடமும் சத்தியம் செய்து சொல்வேன்.

மிஷின் வரத் தாமதமாயிற்று. மார்கழியில் ஒரு காலை, வழக்கம்போல கோமளாவைத் தூக்கி உட்கார வைத்தேன். ஜன்னல் வழியே மலையைப் பார்த்தாள். "மிஷினு வந்துச்சா பாவா?" என்றாள். "வந்துகினே கீது" என்றேன். அவள் தலை என் தோளில் சாய்ந்தது. திரும்ப எழவில்லை.

தை மாதம் மிஷின் வந்தது. சங்கக் குடும்பங்களின் பெயர்களை ஏற்றிச் சரிபார்க்கிற வேலையைக் கொடுத்தார்கள். என் குடும்பத்தில் அவளும் இருந்தாள். அவளுக்கும் நம்பர் போட்டிருந்தேன். அந்த நம்பரைக் கொடுத்து நீக்கச் சொன்னேன். 'நீக்கப்பட்டவை: ஒன்று' என்றது திரை. பரீட்சையில் செய்தது போல இங்கேயும் தப்பாகச் செய்திருக்கலாம், நானும் கூடவே போயிருப்பேன் என்று தோன்றியது. பாடத்தைச் சரியாகப் படித்துத் தொலைத்துவிட்டேன்.

பல மாதங்கள் மலைப்பக்கம் திரும்பவில்லை. பிறகு யோசித்தேன். சேலத்தில் இருந்திருந்தால் எனக்குத் தந்திதான் வந்திருக்கும். இங்கே அவள் தலை என் தோளில் இருந்தது. அதற்காகக் கிருத்திகைதோறும் மறுபடி ஏறுகிறேன். கோபம் முழுசாகப் போகவில்லை. அதையும் கூட இட்டுகினுதான் போகிறேன். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்பர்களே, நம்பிக் கேளுங்கள். கேட்டதைத் தருகிறவன் அவன். ஆனால் அழுகிற அவசரத்தில் பாதியில் நிறுத்தாதீர்கள். யார் யார் கூட இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். நான் ஊரை மட்டும் கேட்டேன். ஊர் இருக்கிறது.