ஆள் சேர்த்துக்கொண்டு கிளினிக் போன ஞானம்மா

ஞானம்மா போய்விட்ட செய்தியை எனக்குச் சொன்னவர் ஹட்டன் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கும் காதர் நானா. மீன் வாங்கிக்கொண்டு போன என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். “மிஸ்ஸி, கேள்விப்பட்டீங்களா? நம்ம ஞானம்மா நேத்து மௌத்தாம். கொட்டகலையில இருந்து வந்த லொறிக்காரன் சொல்லிட்டுப் போறான்” என்றார். அந்த மனிதர் கத்தரிக்கோலைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை, அன்று வைத்திருந்தார். மீனை அவர் கடையிலேயே போட்டுவிட்டுக் கொட்டகலை பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஞானம்மா கொட்டகலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். நான் அதே தோட்டத்தில் மருத்துவிச்சியாக இருந்தவள், அதனால் எல்லோருக்கும் மிஸ்ஸி. அவருடைய பிள்ளைகளில் கடைசி இரண்டும் என் கையில்தான் விழுந்தன. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் டிஸ்பென்சரி வாசலில் வந்து நின்றார். மார்பில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. லயத்து வரிசைவீடுகளில் இருந்த பெண்கள் அது பால்கட்டு என்று சொல்லிப் பச்சிலையை அரைத்துப் பத்துப் போட்டிருந்தார்கள்.

“கடைக்குட்டிக்கு மீசை முளைச்சிருச்சு. இப்ப என்ன பால்கட்டு?” என்று கேட்டேன்.

“அதாங்க மிஸ்ஸி எனக்கும் சந்தேகம். அவனைக் கேட்டா பசிக்கலைங்கிறான்” என்றார்.

சிரித்தோம். ஆனால் இருவர் மனத்திலும் இருந்தவள் பாக்கியம். ஞானம்மாவுக்குப் பக்கத்துக் காம்பராக்காரி, இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர், வயதில் இளையவள். அவளுக்கும் மார்பில் இதேபோல் ஒரு கட்டி வந்து, கொழும்புப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். புண் ஆறுவதற்குள் மறுபடி கிளம்பியது. அடுத்த தீபாவளிக்கு அவள் இல்லை. “வெட்டினதாலதான் செத்தா” என்று தோட்டம் முழுவதும் முடிவு கட்டிவிட்டது.

ஞானம்மாவுடன் நான்தான் ரயிலேறினேன். ஆஸ்பத்திரியில் இருந்த சிங்கள டாக்டர் பொறுமைசாலி. அவர் சொல்வதை நான் தமிழில் சொன்னேன். மார்பில் வரும் புற்றுக்குப் பேர்தான் ஒன்று, நோய் ஒன்றல்ல என்றார். சிலது முரடு, எவ்வளவு சீக்கிரம் வெட்டினாலும் முந்திக்கொண்டு ஓடிவிடும். சிலது பெண்ணின் உடம்பில் ஊறும் சுரப்பைக் குடித்து மெல்ல வளரும். சூற்பையை எடுத்து அந்தச் சுரப்பை நிறுத்தினால் அது வாடிப்போகும். வெளியில் தடவிப் பார்த்து எது எதுவென்று சொல்ல முடியாது, வைத்தியம் செய்துதான் தெரியும் என்றார்.

ஞானம்மா சொன்னார்: “நம்ம பழைய தேயிலை மலை மாதிரிங்க. ஒரே நெரையில ஒரு செடி வாரத்துக்கு வாரம் கொழுந்து விட்டுக் குதிச்சுக்கிட்டு நிக்கும், பக்கத்துச் செடி தூங்கிக்கிட்டுக் கெடக்கும். பாக்கியத்துக்கு வந்தது குதிக்கிற ரகம். எனக்குத் தூங்குற ரகமா இருக்கட்டும் மாதாவே.”

மார்பையும் சூற்பையையும் எடுத்தார்கள். தூங்குகிற ரகம்தான் என்று பிறகு தெரிந்தது. ஆனால் அது பத்து வருஷம் கழித்தும் விழித்துக்கொள்ளும், வருவதை நிறுத்தக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். “அப்ப சாகிற வரைக்கும் ஐயா மூஞ்சிய வந்து பாக்கணும்னு சொல்றாரு” என்றார் ஞானம்மா. அதையும் நான் மொழிபெயர்த்தேன். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

ஒரு பக்கம் வெறுமையாகிவிட்டதால் ரவிக்கை சரியாக உட்காரவில்லை. காதர் நானாவிடம் கூட்டிப் போனேன். அவர் அளவும் எடுக்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. பழைய ரவிக்கையை மாதிரிக்கு வாங்கிக்கொண்டு, உள்பக்கம் ஒரு பை வைத்துத் தைத்து, இலவம்பஞ்சு அடைத்துக் கொடுத்தார். தென்மேற்கு மழை தொடங்கும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மலையில் நனைந்த பஞ்சு கனத்து, மெல்ல இறங்கி, இடுப்புக்கு வந்துவிட்டது. ஞானம்மா நெரையில் நின்றபடியே அதை உருவி எடுத்து, துணி பிழிவதுபோலப் பிழிந்து, உதறி, திரும்ப உள்ளே வைத்துக்கொண்டார். பெண்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கங்காணி குடையால் முகத்தை மறைத்துக்கொண்டார். “என்னா பார்வை? ஒங்களுக்கெல்லாம் இப்பிடிக் கழட்டிப் பிழிய முடியுமா?” என்று கேட்டாராம். அன்று அந்த மலை சிரித்த சிரிப்பு தொழிற்சாலைவரை கேட்டதாகச் சொல்வார்கள்.

இத்தனை வாய் பேசினாலும், மலைத் தண்ணீர் விழும் பீலிக்கரையில் மட்டும் அவர் தனிதான். பாவாடையை மாரில் ஏற்றிக் கட்டிக்கொண்டு எல்லாப் பெண்களும் கூட்டமாகக் குளிக்கும் இடம் அது. ஞானம்மா குளித்துப் போகும்வரை சிலர் குடத்தோடு தள்ளி நிற்பார்கள். நோய் தண்ணீரில் ஒட்டும் என்று பயம். உள்ளே புண் அழுகிக்கொண்டிருக்கிறது என்றும் பேச்சு. அவரும் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போகப் பழகிவிட்டார். எனக்கு அந்தப் பெண்கள்மேல் வந்த ஆத்திரம் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

சில வருஷம் கழித்துப் பாக்கியத்தின் மகள் சரசுவுக்குக் கட்டி வந்தது. கைக்குழந்தைக்காரி. நான் போய்ச் சொன்னேன், டிஸ்பென்சர் ஐயா சொன்னார். “எங்கம்மாவை வெட்டித்தானே கொன்னீங்க? நான் வரல” என்று கதவைச் சாத்திக்கொண்டாள். ஞானம்மாவிடம் போய்ப் புலம்பினேன். அவர் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, லயமே குளிக்க வரும் நேரத்தில், சரசுவைக் கைப்பிடியாகப் பீலிக்கு இழுத்து வந்தார். எல்லார் முன்னாலும் பாவாடைக் கட்டை அவிழ்த்து இடுப்பில் இறக்கிக்கொண்டார்.

“தொட்டுப் பாருடி.”

சரசு தொட்டாள். அழுகலும் இல்லை, புண்ணும் இல்லை. ஒரு நீளக் கோடு, அவ்வளவுதான்.

“ஒங்கம்மாவுக்கு வந்தது ஒரு ரகம், எனக்கு வந்தது ஒரு ரகம். ஒனக்கு வந்தது என்னா ரகம்னு காம்பராவுக்குள்ள ஒக்காந்துகிட்டா எப்பிடித் தெரியும்? வா, போய்க் கேப்போம்.”

அந்த வாரமே இருவரும் ரயிலேறினார்கள். சரசு பிழைத்தாள். அதன்பிறகு ஞானம்மா ஒருமுறைகூடக் கிளினிக்குக்குத் தனியாகப் போனதில்லை. யாராவது ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டுதான் போவார். பல கட்டிகள் ஒன்றுமில்லாதவை என்று திரும்பின. சிலது அப்படியில்லை. பீலியில் தள்ளி நின்றவர்களில் ஒருத்தியையும் அவர்தான் கூட்டிப்போனார். நானாக இருந்தால் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கூட்டிப்போயிருப்பேன்.

டாக்டர் சொன்னபடியே அது விழித்துக்கொண்டது. பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, முதுகெலும்பில். அப்போது அந்தச் சுரப்பைத் தடுக்கும் மாத்திரை வந்திருந்தது. அது இன்னும் சில நல்ல வருஷங்களைக் கொடுத்தது. கடைசியாகப் பார்த்தபோது, “போதும் மிஸ்ஸி, இது எனக்கு ரொம்ப மரியாதை குடுத்துத்தான் வந்திருக்கு” என்றார்.

அடக்கம் முடிந்து திரும்பும் வழியில் சரசு என் பக்கத்தில் நடந்து வந்தாள். கைக்குழந்தையாக இருந்த அவள் மகள் இப்போது அவளை முந்திக்கொண்டு நடந்தாள்.

“மிஸ்ஸி, பெரியம்மாவுக்கு இவ்ளோ வருசங்கழிச்சுத் திரும்பி வந்துச்சே. எனக்கும் வருமா?”

பிரசவ வலியில் துடித்த எத்தனையோ பெண்களிடம் ‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்லியே பழகிய வாய் இது. அன்று அது வரவில்லை. “தெரியாது சரசு” என்றேன்.

“பெரியம்மாவும் அதைத்தாங்க சொன்னாங்க. தெரியாது, ஆனா போய்ப் பாத்துக்கிட்டே இருக்கலாம்னு.”

பொய் கலக்காத அந்தத் ‘தெரியாது’தான் ஞானம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது. யார் கேட்டாலும் இப்போது அதைத்தான் சொல்கிறேன், கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறேன்.

“அடுத்த கிளினிக்குக்கு நான் கூட வரட்டுமா?” என்று சரசுவைக் கேட்டேன்.

“வேணாங்க மிஸ்ஸி. மேட்டு லயத்து மாரியாயி மாருல ஒரு கட்டிய ரொம்ப நாளா மறைச்சு வச்சிருக்கு. எழவு வீட்டுல என்னைக் கட்டிப் புடிச்சு அழறப்பதான் சொல்லிச்சு. அந்தப் புள்ளைய இழுத்துக்கிட்டுப் போறேன்.”