சக்கரத்துக்குள் போன கால்

பிள்ளைகளே, உங்கள் பெரியக்காவின் இடது குதிக்காலில் உள்ள தழும்பை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். விழுந்தது என்றுதான் சொல்லி வந்தோம். அவள் விழவில்லை. பிழை என்னுடையது.

அறுபதுகளின் கடைசி. அப்போது நான் திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தேன். கைமாறி வாங்கிய என் சைக்கிள் பெண்கள் ஓட்டும் வகை. சேலை சிக்காதிருக்கப் பின்சக்கரத்தின் இருபுறமும் வலை பின்னியிருந்தது. கூட வேலை செய்தவர்கள், "அண்ணை, சீலை எங்க?" என்று கேட்டுச் சிரித்தார்கள். ஒரு கிழமை பொறுத்தேன். பிறகு வலையை வெட்டி எறிந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு, ஐந்து வயது மகளைப் பின்னால் இருத்திக்கொண்டு நிலாவெளி வீதியால் வந்தேன். திடீரென்று அலறினாள். சைக்கிளும் நின்றுவிட்டது. அவள் கால் பின்சக்கரக் கம்பிகளுக்குள் இருந்தது.

நான் பதறிப்போய்க் காலைப் பிடித்து இழுத்தேன். எதிரே மீன்பெட்டியோடு சைக்கிளில் வந்த மூதூர்க்காரர் ஒருவர் ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"இழுக்காதீங்க தம்பி. இழுத்தா இன்னும் கிழிஞ்சிரும்."

தன் பையிலிருந்த குறட்டால் கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டினார். வெட்டிக்கொண்டே அவளிடம், "மகள், என்ட பெட்டியில எத்தின மீன் கிடக்கு, எண்ணுங்க பாப்பம்" என்றார்.

அவள் அழுகைக்குள்ளேயே, "நாறுது" என்றாள்.

"நாறாது மகள், இண்டைக்குப் பிடிச்சது" என்றார் அவர், கோபித்தவர் போல.

கால் வெளியே வந்ததும் பக்கத்துக் கடையில் கோப்பித்தூள் வாங்கிப் புண்ணில் அப்பப் பார்த்தேன். நம் வீடுகளில் இரத்தத்தை அப்படித்தான் நிறுத்துவோம். அவர் விடவில்லை. புண்ணுக்குள் தூள் போனால் அழுகும் என்று சொல்லி, நல்ல தண்ணீரால் கழுவி, என் சட்டைப்பையிலிருந்த லேஞ்சித் துணியை மடித்து இறுக்கிக் கட்டினார். காலை உயர்த்திப் பிடிக்கச் சொல்லி, வந்த பஸ்ஸை மறித்து எங்களை ஏற்றிவிட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது எலும்பு முறியவில்லை. ஆனால் குதித் தோல் கறுத்து உரிந்தது. ஒழுங்காக நடப்பாளா என்று டாக்குத்தராலேயே உடனே சொல்ல ஏலாமல் இருந்தது. ஒன்றுவிட்டொரு நாள் தூக்கிக்கொண்டு போய் மருந்து கட்டினோம். புண் ஆறியபின் கதிரையின் சாய்வைப் பிடித்துக் கால் ஊன்றப் பழக்கினோம். அவள் கதிரையை விட்டு நான்கு அடி வந்த அன்று உங்கள் அம்மா குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதா.

அன்று பின்னேரம், ஒருவரும் இல்லாத நேரம், புதுக் கம்பி போட்டிருந்த சைக்கிளை நிமிர்த்தி வைத்துப் பின்னால் ஏறி இருந்தேன். அவளுடைய அளவுக்குக் கால்களை மடித்துத் தொங்கவிட்டேன். கால் வைக்க ஓர் இடமும் இல்லை; குதி தானாகவே போய்க் கம்பியில் முட்டியது. எத்தனையோ நாள் அவளை ஏற்றிப்போன நான், அவள் இருந்த இடத்தில் இருந்து பார்த்தது அன்றுதான்.