மெழுகில்லாதவள்

விட்பி ஊர்ப் பள்ளியில் காலமெல்லாம் லத்தீன் நடத்தியவள் ஹில்டா. 'சின்சியர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு லத்தீன் மூலம் 'மெழுகில்லாதது', அதாவது விரிசலை மெழுகு பூசி மறைக்காத சிலை என்று எந்தப் பிள்ளை எழுதினாலும், "கட்டுக்கதை" என்று சிவப்பு மையால் அடித்துவிடுவாள். ஆனால் தோழி மேபலை அடக்கம் செய்த அன்று, துக்க விருந்தின் ஹாம் சாண்ட்விச்சைத் தொடாமல் உட்கார்ந்திருந்த மேபலின் கணவன் ஆர்னல்டைத் தேற்ற, அதே கதையை ஹில்டாவே சொன்னாள். "மேபல் அப்படித்தான், மெழுகே இல்லாதவ."

இன்று அவன் ஹில்டாவைக் கல்லறைக்கு அழைத்துப் போனான். புதுக் கல்லில், மேபலின் பெயருக்குக் கீழே 'மெழுகில்லாதவள்' என்று ஆழமாகச் செதுக்கியிருந்தது.

"நீங்க சொன்னதுதான் டீச்சர். அதைக் கேட்டப்புறம்தான் எனக்குத் தூக்கமே வந்துச்சு."

ஆர்னல்ட் கல்லின் விளிம்பைத் தடவினான்.

"அவகிட்ட பொய் சொல்லித் தப்பிக்க முடியாது, இல்ல?"

"முடியாது," என்றாள் ஹில்டா, கல்லைப் பார்க்காமல்.