மாமாவின் கிட்டாருக்கு நான் போட்ட ஃபிரெட்டுகள்

முதல் ஃபிரெட்டைக் குறடால் பிடுங்கியபோது அதோடு சேர்ந்து நகக்கண் அளவு மரமும் பெயர்ந்து வந்தது. அது மாமாவின் கிட்டார். மாமா என் அம்மாவோடு பிறந்தவர்; குருவிகுளம் யூனியன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சங்கரன்கோவிலில் எங்கள் சபையின் பாடகர் குழுவில் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர்தான் கிட்டார் வாசித்தார். விலை குறைந்த, சிவப்பு நிற எலக்ட்ரிக் கிட்டார். அவர் முழங்கை படும் இடம் மட்டும் வெளுத்திருக்கும்.

கிட்டாரின் கழுத்தில் ஏணிப்படி மாதிரி குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகள்தான் ஃபிரெட்டுகள். தந்தியை அவற்றின்மேல் அழுத்தித்தான் சுரம் பிடிக்க வேண்டும். வாசிக்க வாசிக்க அவை தேய்ந்து பள்ளம் விழும். பிறகு தந்தி பிசிறடிக்கும். மாமாவின் கிட்டாரில் ஞாயிறுதோறும் ஏதாவது ஒரு பாட்டில் அந்தப் பிசிறு வரும். மாமா வாசிப்பதை நிறுத்தாமலே குனிந்து கிட்டாரின் கழுத்தை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வை சபை முழுவதற்கும் பழக்கம். ஆராதனை முடிந்ததும், ஃபிரெட் தேய்ந்துபோயிற்று, பாவம் அண்ணாச்சி என்ன செய்வார் என்று பேசிக்கொண்டே கலைவார்கள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. நான் மிக்சி, ஃபேன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கெட்டுப்போன பொருளைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. மாற்றித் தரட்டுமா என்று கேட்டபோதெல்லாம், கிடக்கட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று மாமா தட்டிக் கழித்தார். என்னிடம் வேலை வாங்கக் கூச்சப்படுகிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். சிவகிரியில் மகள் வீடு கட்டும் வேலையைப் பார்த்துக்கொள்ள அவர் போய்த் தங்கியிருந்த சமயம், அத்தையிடம் சொல்லிவிட்டுக் கிட்டாரைக் கடைக்குத் தூக்கி வந்தேன்.

சால்டரிங் அயனால் சூடுகாட்டிவிட்டுப் பிடுங்கினால் மரம் பெயராது என்பது முதல் ஃபிரெட்டைக் கெடுத்த பிறகுதான் தெரிந்தது. பெயர்ந்த சில்லை ஒட்டினேன். வாங்கிய புதுக் கம்பி, அதைப் பதிக்க மரத்தில் கீறியிருந்த காடியைவிடத் தடிமனாக இருந்தது. தட்டி இறக்க இறக்கக் கழுத்தே பின்பக்கமாக வளைந்துவிட்டது. எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு மெல்லிய கம்பி வரவழைத்து மறுபடி ஆரம்பித்தேன். இரும்பு ஸ்கேல் வைத்து மட்டம் பார்த்து, சாணைக்கல்லால் தேய்த்து, விரலைக் கீறாதபடி ஓரங்களை அரத்தால் ராவினேன். கடைசியில் ஒவ்வொரு கட்டமாக அழுத்திப் பார்த்தேன். எங்குமே பிசிறில்லை. பிடுங்கிய பழைய ஃபிரெட்டுகளில் பள்ளம் அப்படியொன்றும் ஆழமாக இல்லை. அதைக் கண்ணால் பார்த்தும் என் மரமண்டைக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அறுப்பின் பண்டிகை அன்று மாமா சிவகிரியிலிருந்து நேராகக் கோவிலுக்கு வந்தார். அதற்குள் நான் பாடகர் குழுத் தலைவரிடம் பெருமையடித்திருந்தேன். நான் விடாமல் நச்சரிக்கவே அவரும் அரைமனதாக மைக்கில் சொல்லிவிட்டார், கிட்டார் இன்று புதுசாகிவிட்டது என்று. மாமா புது ஃபிரெட்டுகளைத் தடவிப் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை.

முதல் பாட்டிலேயே பிசிறடித்தது. மாமா பழக்கதோஷத்தில் குனிந்து கழுத்தைப் பார்த்தார். ஃபிரெட்டுகள் பளபளவென்று இருந்தன. சபையில் எல்லோருடைய கண்ணும் அவர் விரல்களுக்குப் போனது. நானும் அன்றுதான் பார்த்தேன். அவருடைய மோதிரவிரல் தந்திமேல் சும்மா கிடந்தது, அழுத்தவில்லை.

வெளியே காணிக்கையாக வந்த பூசணிக்காயையும் தேங்காய்க் குலையையும் ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். வேப்பமரத்தடியில் தனியாக நின்ற மாமாவிடம் போனேன். அவரே பேசினார்.

"வேலைய நல்லாத்தாம்ல செஞ்சிருக்க. ஒரு கொற சொல்ல முடியாது. வெரலு மரத்துப்போயி ரொம்ப நாளாச்சு மக்கா. கிட்டார சாக்கு வச்சி இன்னுங் கொஞ்ச நாளு வாசிச்சிருப்பேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அதன் பிறகு அவர் வாசிக்கவே இல்லை. எங்களுக்கெல்லாம் முன்னமே தெரியும் தம்பி என்று குழுத் தலைவர் பிற்பாடு என்னிடம் சொன்னார். விரல்தான் காரணம் என்று ஊருக்கே தெரிந்திருந்தது. தெரியும் என்பது மாமாவுக்கு மட்டும் தெரியக் கூடாது என்றுதான் ஆளாளுக்குக் கிட்டாரைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இது புரியாத ஒரே ஆள் நான்தான்.

இப்போது மாமா பின்வரிசையில் உட்காருகிறார். போன மாதம் ஆராதனைக்கு முன்னால், கீபோர்டு வாசிக்கும் வயதான டீச்சர் என்னைக் கூப்பிட்டார். தாளம் தவறித் தவறிப் போகிறது, பெடல் சிக்கிக்கொள்கிறது போல, கொஞ்சம் பார் என்றார். முழங்காலிட்டு மிதித்து மிதித்துப் பார்த்தேன். பெடல் நன்றாகவே இருந்தது.

"ஆமா டீச்சர், பெடல்தான் சிக்குது. நீங்க என்ன செய்வீய" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது என்று எனக்கே சந்தோஷமாக இருந்தது. எழுந்து திரும்பினேன். பின்வரிசையிலிருந்து மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கிட்டாரைப் பற்றி ஊர் அவர் காதுபடச் சொல்லிவந்ததும் இதே வார்த்தைதான். பிறகு டீச்சரின் கைகளைப் பார்த்தார். அப்புறம் அவர் தலை நிமிரவே இல்லை.