எரித்துக் காட்டாத கடை

நேற்று அன்புவழிபுரத்தில் ஒரு பல்ப் வாங்கினேன். கடைக்காரர் அதை ஹோல்டரில் மாட்டி எரித்துக் காட்டிவிட்டுத்தான் தந்தார். உடனே எனக்குப் பெரியப்பாமேல் கோபம் வந்துவிட்டது. அவர் செத்து எவ்வளவோ காலம். என் கோபத்துக்கு அதெல்லாம் தெரியாது.

வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தில் இருந்த நாளில் பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்து ஒரு மின்சாமான் கடை தொடங்கினார்கள். பிறகு துறைமுக வாசலில் ஒன்று, கிண்ணியாவில் ஒன்று என்று மூன்றானது. முதலாளிக் கதிரை பெரியப்பாவுக்கு, விற்கிற மேசை அப்பாவுக்கு. எரித்துக் காட்டாமல் ஒரு பல்பையும் அப்பா கடதாசியில் சுற்ற மாட்டார். எரிந்ததும் பல்பைப் பார்க்க மாட்டார், வாங்க வந்தவரின் முகத்தைத்தான் பார்ப்பார். பல்பின் சூட்டில் கருகிய தூசி மணம் அவர் சட்டையிலேயே இருக்கும்.

இறக்குமதி நின்று தட்டுப்பாடு வந்ததும் பெரியப்பாவுக்குக் கொண்டாட்டம். வால்வு ரேடியோக்களையும் பல்புகளையும் வாங்கி வாங்கிப் பதுக்கினார். கடற்காற்றில் கிடந்து கெட்ட பல்புகளையும் விற்றாக வேண்டுமே, எரித்துக் காட்டுகிற ஹோல்டரைச் சுவரிலிருந்து கழற்றச் சொன்னார்.

"எரிச்சுக் காட்டாமல் குடுக்க ஏலாது, அண்ணன்."

"அப்ப வீட்டில போயிருந்து எரிச்சுக் காட்டு. இனி இஞ்ச வராத."

சனம் நிறைந்த கடையில் வைத்துச் சொன்னார். அங்கே ரேடியோ விற்றுக்கொண்டிருந்த நானும் அப்பாவோடு இறங்கிவிட்டேன். வேலை போனது வீட்டுக்கு வந்த பிறகுதான் இந்த வீரனுக்கு உறைத்தது. அப்பா சாகும்வரை அந்தத் தெருவால் போகவில்லை. சந்தைக்குக்கூடச் சுற்றித்தான் போவார்.

பிறகு அரசாங்கம் மாறி இறக்குமதியைத் திறந்துவிட்டது. யப்பான் ரேடியோக்கள் மலிவாக வந்து குவிந்தன. பெரியப்பா பதுக்கியவற்றை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. கிண்ணியாக் கடை மூடியது, துறைமுகக் கடையும் மூடியது. எனக்குச் சந்தோஷம். ஒளிப்பானேன்?

ஒரு நாள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு முதல் கடைக்குப் போனேன். அப்பா நின்ற மேசையில் பெரியப்பா தனியே நின்றார்.

"ஒரு பல்ப் எரிச்சுக் காட்டித் தாங்கோ."

அவர் சுவரைப் பார்த்தார். ஹோல்டர் இருந்த இடத்தில் ஆணி ஓட்டைகள்தான் இருந்தன.

"நம்பிக் கொண்டு போ, மகன்."

"ஏலாது, பெரியப்பா."

எதிர்க்கடைக்குப் போய், அவர் பார்த்துக்கொண்டிருக்க, எரித்துக் காட்டச் சொல்லி ஒன்று வாங்கினேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

இப்போது அந்த மூன்று கடையும் இல்லை, எதிர்க்கடையும் இல்லை. முதல் கடை இருந்த இடத்தில் கைபேசி விற்கிறார்கள். அப்பா போகாமல் விட்ட தெருவால் நான் வேண்டுமென்றே போகிறேன். அந்த வாசலில் நின்று உள்ளே பார்க்கிறேன். வெட்கப்படுத்த அங்கே ஒருவரும் மிச்சமில்லை.